ஆலயத்துக்குள் வந்த உலகப் பாட்டு

பெரிய வெள்ளியன்று தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளில் பாடும் பாமாலைகளில், முள்முடி சூட்டப்பட்டு இரத்தம் வழியும் கிறிஸ்துவின் தலையைப் பார்த்துப் புலம்பும் பாடல் ஒன்று உண்டு. ஜெர்மன் கவிஞர் பவுல் கெர்ஹார்ட் எழுதியதன் தமிழாக்கம் அது. ஞானப்பாட்டு நூல் வழியாக வந்து, லெந்து நாட்களில் பல தலைமுறைகளாகப் பாடப்பட்டு வருகிறது. அந்த மெட்டுக்குச் சபையில் ஒரு தனி மரியாதை. ஆர்மோனியத்தில் முதல் வரி எழும்போதே ஆலயம் அடங்கிவிடும். ஆனால் அந்த மெட்டு பிறந்தபோது அதற்குக் கிறிஸ்துவோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற இசையமைப்பாளர் 1601-இல் வெளியிட்ட காதல் பாட்டின் மெட்டு அது. ஒரு பெண்ணின்மேல் ஆசை வைத்துப் புத்தி தடுமாறிய ஓர் இளைஞன் அதில் புலம்புகிறான். பன்னிரண்டே ஆண்டுகளில், 1613-இல், யாரோ அதே மெட்டில் மரணத்தையும் மோட்சத்தையும் பற்றிய பாடலை ஏற்றினார்கள். 1656-இல் கெர்ஹார்ட்டின் சிலுவைப் பாடல் அதில் வந்து அமர்ந்தது. பிறகு இசையமைப்பாளர் பாக் தம் மத்தேயு பாடுகளின் இசையில் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். இன்று அதைக் கேட்டு யாருக்கும் காதலியின் நினைவு வருவதில்லை.

கிறிஸ்தவன் உலகப் பாட்டு கேட்கலாமா என்ற கேள்வி தமிழ்ச் சபைகளில் ஓயாமல் எழுகிறது. வாலிபர் கூட்டங்களிலும் கன்வென்ஷன் பந்தல்களிலும் அதற்குப் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில், கூடாது என்று, பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதிலுக்கு அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: இசையில் தேவனுடையது ஒரு பக்கம், உலகத்தினுடையது மறு பக்கம், இரண்டுக்கும் நடுவில் என்றைக்கும் அசையாத ஒரு கோடு. தமிழ்க் கிறிஸ்தவ இசையின் முந்நூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் அப்படி ஒரு கோடு எங்கும் தட்டுப்படவில்லை. கோடு போட்டவர்கள் இருந்தார்கள்; ஒவ்வொரு தலைமுறையும் அதை வேறு இடத்தில் போட்டது. அது யாருடைய இசையை வெளியே நிறுத்தியது என்று பார்த்தால், அந்தந்தக் காலத்தில் மதிப்புக் குறைவாக நினைக்கப்பட்ட மனிதர்களின் இசையாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஆகவே மெட்டையும் அதைப் பாடுகிற ஆட்களையும் வைத்துப் பாட்டைத் தள்ளுவது விசுவாசத்தின் தேவை அல்ல, பழக்கத்தின் தேவை என்பதே என் வாதம். பாட்டின் சொல் என்ன சொல்கிறது, கேட்கிறவனை என்ன செய்கிறது என்பது வேறு விசாரணை. அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். லுத்தரன் மரபில் சபை என்றால் பாடும் சபை. எனவே ஜெர்மன் பாடல்கள் விரைவிலேயே தமிழுக்கு வந்தன. சென்னை வேப்பேரியில் வாழ்ந்த மிஷனரி பப்ரிசியுஸ் இந்த வேலையில் பெரும்பங்கு ஆற்றினார். கடினமான வேலை அது. ஜெர்மன் பாட்டு அழுத்தத்தை நம்பி நடப்பது. தமிழ்ப் பாட்டு குறில் நெடிலை நம்பி நடப்பது. நெடில் வர வேண்டிய இடத்தில் குறிலை இழுத்தும், குறில் வர வேண்டிய இடத்தில் நெடிலை நெருக்கியும் பாடினால்தான் அந்த மெட்டில் தமிழ் அடங்கும். ஞானப்பாட்டுகளைப் படிக்கும்போது சொற்கள் நொண்டுவதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான். பக்தியில் குறையில்லை, காதுக்கு அந்நியம். கேட்டுப் பழகாத ஒருவனுக்கு அது வேற்று நாட்டுப் பாட்டு; அவன் வயலிலும் வாசலிலும் கேட்டு வளர்ந்த பாட்டு வேறு.

அந்த வேறு பாட்டை ஆலயத்துக்குக் கொண்டுவந்தவர்களில் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் சிறுவயதிலேயே அவரைத் தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தார். பிற்காலத்தில் இரண்டாம் சரபோஜி மன்னராகப் போகிறவரும் அதே சுவார்ட்ஸின் கண்காணிப்பில் இருந்தவர். ஒருவர் அரசரானார், மற்றவர் அவர் ஆதரவு பெற்ற கவிராயர் ஆனார். அன்றைய தஞ்சையின் இசையைச் சொல்ல வேண்டியதில்லை. அரண்மனையிலும் கோயிலிலும் சதிர், பதம், வர்ணம், குறவஞ்சி. தெருவில் கும்மி, கோலாட்டம். வயலில் ஏற்றப்பாட்டு, தெம்மாங்கு. சாஸ்திரியார் இவற்றில் எதையும் விலக்கவில்லை. நோவாவுக்குக் கப்பற்பாட்டு பாடினார். உலகப் படைப்பைப் பாட ஞானத்தச்ச நாடகம் எழுதினார். ஞான ஏற்றப்பாட்டு எழுதினார். ஏற்றப்பாட்டு என்பது வெறும் பாட்டு அல்ல, ஒரு வேலைக் கருவி: மேலே ஏற்றமரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் சாலைப் பிடித்து நீரை வாய்க்காலில் கவிழ்க்க, ஒவ்வொரு சாலுக்கும் ஓர் அடி என்று பாட்டே கணக்கு வைக்கும். எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாடுகிறவனின் நாக்கு நினைவு வைத்திருக்கும். அந்த மூச்சுவாங்கும் நடையில் வேதத்தை ஏற்றினார் சாஸ்திரியார்.

இவை எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது 1800-இல் எழுதிய பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி என்றால் அக்காலத்து மனதில் எழும் காட்சி என்ன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தலைவன் உலா வருகிறான், தெருப் பெண்கள் அவனைப் பார்த்து மயங்குகிறார்கள். பந்தாடிக்கொண்டிருக்கும் தலைவி அவன்மேல் காதல் கொண்டு நிலவையும் தென்றலையும் நொந்துகொள்கிறாள். குறத்தி வந்து மலைவளம் பாடி, கைபார்த்துக் குறி சொல்கிறாள். பறவை பிடிக்கும் சிங்கன் தன் சிங்கியைத் தேடி வருகிறான். இருவருக்கும் நடக்கும் உரையாடலில் சிருங்காரம் ததும்பும். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இந்த வகைக்குச் சிகரம்; சரபோஜியைத் தலைவனாக்கிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைத் தஞ்சைப் பெரிய கோயிலில் தேவதாசியர் ஆடினார்கள். ஆட்டம், காதல், கோயில், தாசி என்று ஒரு பக்தியுள்ள மிஷனரி எவற்றையெல்லாம் கண்டு முகம் சுளிப்பாரோ அவை அனைத்தும் கூடிய வடிவம் இது. சாஸ்திரியார் அதை அப்படியே எடுத்தார். தலைவன் பெத்லகேம் நாதர். தலைவி தேவமோகினி, சீயோனின் மகள், அதாவது திருச்சபை. பறவை பிடிப்பது ஆத்துமாக்களைச் சேர்ப்பது. தரங்கம்பாடியில் கற்ற புதிய வானநூலையும் புவியியலையும் அதற்குள்ளேயே வைத்தார். சூரியனைக் கிரகங்கள் சுற்றிவரும் கணக்கு ஒரு குறவஞ்சிக்குள் தமிழில் பாடப்பட்டது. வடிவத்தில் ஒட்டியிருந்த தாசியாட்ட நினைவு அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஊரிலேயே வாழ்ந்தவர் அவர். தெரிந்தேதான் எடுத்தார்.

எதிர்ப்பு வராமல் இல்லை. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மிஷனரிகளுக்கும் சாஸ்திரியார் உள்ளிட்ட பழைய சபையாருக்கும் பெரும் பிணக்கு உண்டாயிற்று. வேதாகமத்தின் புதிய மொழிபெயர்ப்பு, சாதி, கலியாணத்திலும் சாவிலும் பூ வைப்பது, ஆராதனையில் தமிழ்ப் பாட்டு என்று வழக்கு பல முனைகளில் நடந்தது. புதியவர்களின் காதுக்குத் தமிழ் மெட்டு புறமதத்தின் மெட்டு. மேளமும் தாளமும் கோயில் வாடை. ஆனால் அவர்கள் பரிசுத்தமென்று தூக்கிப்பிடித்த மேனாட்டுக் கீதங்களுக்குள் ஹாஸ்லரின் காதல் மெட்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தது. தங்கள் ஊரின் உலகப் பாட்டு இருநூறு ஆண்டுப் பழக்கத்தால் ஞானப்பாட்டாகிவிட்டிருந்தது. அடுத்தவன் ஊரின் பாட்டுக்கு அந்தக் கால அவகாசம் தரப்படவில்லை. காலம்தான் பிறகு தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ் யாப்பையும் மெட்டையும் கற்று, 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்துச் சபைக்கென்று அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் கணிசமாக இடம்பெற்றன. இன்று பாமாலையும் கீர்த்தனையும் ஒரே புத்தகமாகக் கட்டப்பட்டு ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் இருக்கின்றன. கீர்த்தனையை உலகப் பாட்டு என்று இப்போது சொன்னால் மூத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

சாஸ்திரியார் பக்கமே எல்லா நியாயமும் இருந்ததாக இதற்கு அர்த்தம் கொள்ளக் கூடாது. அதே வழக்கில் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் சாதியை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். சபையில் சாதி ஒழுங்கு தொடரலாம் என்று எழுதியும் வாதாடினார்கள். ஒரே பந்தியில் ஒரே கிண்ணத்தில் பங்கெடுக்க வேண்டும் என்று புதிய மிஷனரிகள் கேட்டது சரி. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டதும் சரி. பாட்டில் சரியாகப் பார்த்தவர்கள் சாதியில் தவறினார்கள். சாதியில் சரியாகப் பார்த்தவர்கள் பாட்டில் தவறினார்கள். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி விவாதித்ததால் வந்த நஷ்டம் இது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே கணக்கு வேறு வடிவில் திரும்பி வந்தது.

மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, மாணவர்கள் வாயில் 'பரட்டை அண்ணன்', கீர்த்தனையின்மேலேயே கேள்வி எழுப்பினார். ராகமும் வடமொழி கலந்த சொல்லுமாக இருக்கும் கீர்த்தனை யாருடைய இசை, சபையில் பெரும்பான்மையாக இருக்கும் தலித் மக்களின் பாட்டும் பறையும் ஏன் ஆலயத்துக்கு வெளியே நிற்கின்றன என்று கேட்டார். கிராமிய மெட்டில் முழு ஆராதனை முறையையே அமைத்தார். பறைக்குச் சொல்லப்பட்ட தடை தாசியாட்டத்துக்குச் சொல்லப்பட்ட அதே தடைதான்: சாவுக் கொட்டு, சாராயம், குலதெய்வக் கோயில். ஒருகாலத்தில் உலகப் பாட்டென்று தள்ளப்பட்ட கீர்த்தனை இப்போது வாசலில் நின்று இன்னொன்றைத் தள்ளியது. இதில் ஒரு மறுப்பை மதித்துப் பேச வேண்டும். பறையை விட்டவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்களே. அடிமைச் சேவகத்தின் அடையாளமாக அதைக் கண்டு, மதம் மாறியபோது மனமாரத் தூக்கி எறிந்தார்கள். அவர்களிடம் போய் உன் பண்பாடு இது, எடு என்று வெளியாள் சொல்வதற்கு உரிமை இல்லை. அப்பாவு சொன்னது வெளியாளின் சொல் அல்ல. அவமானப்படுத்தப்பட்ட கருவியை ஆலயத்தின் நடுவில் வைத்து அடிப்பதே அவமானத்தைத் துடைக்கும் வழி என்று உள்ளிருந்து சொன்னார். எதை விடுவது, எதை மீட்பது என்பதை அந்தந்த மக்களே தீர்மானிக்கட்டும். மெட்டில் பாவம் ஒட்டியிருக்கிறது என்ற வாதத்துக்கு மட்டும் இங்கே இடமில்லை.

ஒட்டவே இல்லையா என்று கேட்பவர்களுக்கு நல்ல சான்று ஒன்று கையில் இருக்கிறது. அதை நானே எடுத்து வைக்கிறேன். லுத்தர் கிறிஸ்து பிறப்புக்காகத் தம் பிள்ளைகளுக்கு எழுதிய பாடல் 1535-இல் அச்சானபோது, ஊரில் எல்லாரும் பாடிக்கொண்டிருந்த ஒரு விடுகதைப் பாட்டின் மெட்டில் அமைந்திருந்தது. நான்கே ஆண்டுகளில், 1539-இல், அதற்குப் புதிய மெட்டு வந்துவிட்டது. பழைய மெட்டு மதுக்கடையிலும் ஆட்டத்திலும் புழங்கியதால் லுத்தர் அதைக் கைவிட்டார் என்று விளக்கம் சொல்வார்கள். ஆக, பாட்டில் நினைவு ஒட்டும் என்பது உண்மை. நேற்று ஒரு திரைப்படத்தில் கவர்ச்சியாட்டத்துக்கு அடித்த மெட்டில் இன்று ஸ்தோத்திரம் பாடினால் சபையின் மனம் எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தச் சான்று என்ன நிரூபிக்கிறது? ஒரு மெட்டை ஆராதனையில் வைப்பதற்கு ஏற்ற நேரமும் இடமும் பார்க்க வேண்டும் என்பதை நிரூபிக்கிறது. ஒட்டிய நினைவு கழன்றுபோகும் என்பதை ஹாஸ்லர் மெட்டு நிரூபிக்கிறது. மெட்டிலேயே உறைந்துகிடக்கும் கெடுதல் என்று ஒன்றை இரண்டுமே காட்டவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று. இதுவரை சொன்னவை அனைத்தும் உலகத்தின் மெட்டைத் தேவனுக்கென்று எடுத்த கதைகள். எடுத்து மாற்றிப் படைப்பது வேறு, உலகப் பாட்டை அதன் இன்பத்துக்காகவே உட்கார்ந்து கேட்பது வேறு என்பார்கள். இந்த வேறுபாடு உண்மைதான். ஆனால் கேட்காமல் எடுக்க முடியாது. குற்றாலக் குறவஞ்சியின் சந்தம் நாக்கில் ஊறாதவர் பெத்லகேம் குறவஞ்சி எழுதியிருக்க வழியில்லை. தவிரவும், எடுக்கும் நோக்கமே இல்லாமல் இசையை இசைக்காகக் கேட்ட கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். தமிழிசைக்கு அவர்கள் செய்தது சிறிய உபகாரம் அல்ல. சென்னை அரசுச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்த ஏ.எம். சின்னசாமி முதலியார் கத்தோலிக்கர். தியாகராஜர் முதலானோரின் கீர்த்தனைகள் வாய்ப்பாடமாகவே அழிந்துபோகக் கூடாதென்று, 1892 முதல் அவற்றை ஐரோப்பியச் சுரக்குறிப்பில் எழுதி அச்சிட்டார். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரிடமிருந்து முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளைப் பெற்று எழுதியவரும் அவரே. அவற்றை நூலாக வெளியிடும்படி சுப்பராம தீட்சிதரை வற்புறுத்தியவரும் அவரே. அப்படி 1904-இல் வந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியின் வரலாற்றை அவர் பெயரில்லாமல் எழுத முடியாது. சொத்தும் கண்பார்வையும் இந்த வேலையில் கரைந்தன. அவர் பாதுகாத்த பாட்டுகள் ராமனையும் அம்பிகையையும் பாடியவை. அதனால் அவர் விசுவாசம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. பிறர் தொழும் பாட்டின் அழகை மதிப்பது ஒன்று, அந்தத் தொழுகையில் சேர்வது வேறொன்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முத்துசாமி தீட்சிதரே எதிர்த்திசையில் நடந்து காட்டியவர். கோட்டையில் கேட்ட ஆங்கிலேய பேண்டு மெட்டுகளில் சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்தார். ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து மெட்டில் சியாமளையைப் பாடினார். நோட்டுஸ்வரம் என்று அவற்றை இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கிறிஸ்தவர்களில் இன்னும் இருவரைச் சொல்லலாம். தஞ்சையில் மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டி, 1916-இல் பரோடாவில் தம் வீட்டுப் பெண்களோடு போய்த் தம் சுருதிக் கொள்கையை அறிஞர்முன் வைத்து, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். சிலப்பதிகாரத்தின் பண்ணைத் தேடியவர், ஞானப்பாட்டும் எழுதியவர். மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் கடவுளைப் பாடியதோடு நிற்காமல், லஞ்சம் வாங்கும் அதிகாரிகளையும் கண்டித்துப் பாடினார். ஆராதனையில் அதற்கு இடமில்லை. ஒரு நீதிபதியின் மனசாட்சிக்குத் தேவைப்பட்ட பாட்டு அது.

வேதாகமமே இதற்கு ஆதாரம் தருகிறது. எண்ணாகமம் 21-ஆம் அதிகாரத்தில் கிணறு தோண்டுகிறவர்களின் பாட்டு ஒன்று இருக்கிறது. ஊற்று பொங்குவதையும் தோண்டிய தலைவர்களையும் பாடுகிறது, அவ்வளவுதான். இரண்டாம் சாமுவேல் முதல் அதிகாரத்தில் சவுலுக்காகவும் யோனத்தானுக்காகவும் தாவீது பாடிய புலம்பலில் கர்த்தருடைய பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லை. நண்பனை இழந்தவனின் துக்கம் மட்டுமே இருக்கிறது. அதை யூதாவின் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னதாகவும் அதே அதிகாரம் சொல்கிறது. சங்கீதங்களைப் பாடிய அதே வாய் கடவுள் பெயர் சொல்லாத பாட்டையும் பாடியது. இரண்டும் வேதத்தில் இருக்கின்றன.

மிஞ்சியிருப்பது சொல். இங்கே எதிர்த் தரப்பின் கவலையை முழுவதும் ஏற்கிறேன். பாட்டு நினைவில் தங்கும் வேகத்தில் பிரசங்கம் தங்குவதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை நாள்தோறும் முணுமுணுக்கும் வரி அவன் பெண்ணைப் பார்க்கும் விதத்தையும் கோபப்படும் விதத்தையும் மெல்ல மெல்ல அமைக்கும். இசையின் இன்பம் சொல்லை மிஞ்சுகிறதோ என்று அகுஸ்தீன் தம் அறிக்கையில் தம்மையே விசாரித்துக்கொண்டார். அரசர் தம் தெய்வத்தைப் பாடச் சொன்னபோது வேதநாயக சாஸ்திரியார் மறுத்து இயேசுவையே பாடினார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. எல்லா மெட்டையும் எடுத்தவர் எல்லாச் சொல்லையும் எடுக்கவில்லை. பெண்ணைத் துரத்துவதை வீரமாக்கும் பாட்டையும், குடியைக் கொண்டாட்டமாக்கும் பாட்டையும் வேண்டாமென்று பெற்றோரும் போதகரும் சொல்வதில் தப்பே இல்லை. காரணம் சொல்லிச் சொல்ல வேண்டும், பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். சினிமா என்ற ஒரே காரணத்துக்காகத் தாலாட்டையும் ஒப்பாரியையும் உழைப்பாளியின் பாட்டையும் சேர்த்துத் தள்ளுகிறவர் எந்தச் சொல்லையும் விசாரிக்கவில்லை.

அப்படிச் சொல்லை விசாரிக்கத் தொடங்கினால் விசாரணை காதல் பாட்டோடு நிற்காது. தென்மாவட்டங்களில் சாதிப் பெருமை பேசும் பாட்டுகள், திரைப்படத்தில் வந்தவையும் தனியாகப் பதிவு செய்தவையும், ஊர்த் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஒலிபெருக்கியில் அலறுகின்றன. கிறிஸ்தவக் கலியாணங்களும் விலக்கல்ல. மண்டபத்தில் ஜெபம் முடிந்து மாப்பிள்ளை ஊர்வலம் புறப்படும்போது அதே பாட்டுதான். பிள்ளையின் கைபேசியில் ஒரு காதல் டூயட் இருப்பதைக் கண்டு அழிக்கச் சொல்லும் மூப்பர், அந்த ஊர்வலத்தின் முன்னால் நடந்துபோகிறார். மனிதனை மேல் கீழ் என்று பிரிக்கும் அந்தச் சொல்லைத்தான் 1833-இன் ஆணை சபையைவிட்டு வெளியேற்ற முயன்றது. உலகப் பாட்டு கூடாது என்று அடுத்த கன்வென்ஷனில் பேசப்போகிறவர்கள் முதலில் அந்த ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசட்டும்.